எங்கள் தெருவுக்குச் சாமி வந்த வருஷம்

திருவண்ணாமலையில் 'சாமி' என்ற சொல்லை யோசிக்காமல் வாயில் எடுக்கக் கூடாது. கார்த்திகை மாதத்தில் கூடவே கூடாது. மாட வீதியில் வாகனம் ஏறிச் சுற்றி வருவதும் சாமி. கிரிவலப் பாதையில் துண்டை விரித்துப் படுத்திருக்கும் காவிக்காரரும் சாமி. சபரிமலைக்கு மாலை போட்டுக் கறுப்பு வேட்டி கட்டியவர், நேற்றுவரை டீக்கடையில் நம்மோடு சண்டை போட்டவராக இருந்தாலும், இன்றைக்குச் சாமி. இது போதாதென்று எங்களைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பங்கள் பங்குக் குருவையும் சாமி என்றுதான் கூப்பிடுவோம். ஊரில் நாங்கள் கொஞ்சம் பேர் என்பதால் எங்கள் சாமி இந்த வரிசையில் கடைசி. அந்தக் கடைசிச் சாமி போட்ட ஓர் அறிவிப்பால்தான் எங்கள் தெரு ஒரு கார்த்திகையில் அல்லோலகல்லோலப்பட்டது. என் வீட்டில் ஆறு வருஷமாக ஆகாத ஒரு காரியமும் ஆனது.

அந்தக் காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனைவி கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். மாவட்டம் புதிதாகப் பிரிந்த சமயத்தில் வேங்கிக்கால் பக்கம் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. இரண்டு மேசை தள்ளி அவளுக்குத் தட்டச்சு வேலை. அவள் தட்டுவதில் பிழை கண்டுபிடிக்க நான் அடிக்கடி எழுந்து போனேன், பிழை ஒன்றும் கிடைக்காததால் கல்யாணம் செய்துகொண்டோம். பதிவுத் திருமணம். அவள் பொட்டும் பூவும் அவளோடு இருந்தன, என் ஜெபமாலை என்னோடு இருந்தது. என் வீட்டில் ஒரு மாதம் முணுமுணுத்து அடங்கிவிட்டார்கள். அவள் வீட்டில் அடங்க வேண்டியவர் ஒரே ஒருவர், அவளுடைய அப்பா. தாயில்லாத பெண்ணைத் தலைவாரிவிட்டு, சோறு பொங்கிப் போட்டுப் பள்ளிக்கு அனுப்பி வளர்த்த மனிதர். "இனிமே உன் வாசலை மிதிக்க மாட்டேன்" என்று ஒரே வாக்கியம் சொன்னார், அதைக் காப்பாற்றினார். எங்களுக்கு மகள் பிறந்தபோதும் வரவில்லை.

ஆனால் ஒவ்வோர் அறுவடைக்கும் ஒரு மூட்டை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வந்துவிடும். என் மைத்துனன் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்து இறக்குவான். மூட்டை வரும், ஆள் வர மாட்டார். மைத்துனன் வாசலில் நிற்கும்போதெல்லாம் என் மனைவி அவன் தோளைத் தாண்டித் தெரு முனையை ஒரு பார்வை பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் "வாடா" என்பாள். எனக்கு அந்தப் பார்வையைக் காணச் சகிக்காது. வயசான மனுஷனுக்கு இவ்வளவு வீம்பு எதற்கு என்று கோபம்தான் வரும். ஒருமுறை அதைச் சொல்லியும் விட்டேன். "எங்கப்பாவ நான் திட்டுவேன், நீங்க திட்டாதீங்க" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இனி அறிவிப்புக்கு வருகிறேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வரும் நான்கு ஞாயிறுகள் எங்களுக்குத் திருவருகைக் காலம். பீடத்தருகே பச்சை இலை வளையம் ஒன்றில் நான்கு மெழுகுவத்திகள் நிற்கும், வாரம் ஒன்றாக ஏற்றுவோம். மூன்று ஊதா, ஒன்று ரோஜா நிறம். ரோஜா நிறம் மூன்றாவது வாரத்துக்கு, அது மகிழ்ச்சி வாரம். வருகிறவர் எந்த நேரத்தில் வருவார் என்று தெரியாது, விழிப்பாக இருங்கள் என்பதுதான் முதல் வாரச் செய்தி. சிறு வயதிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்கு அது பழகிப்போயிருந்தது. விழித்திருக்கச் சொல்லும்போதே கொட்டாவி விட்ட ஞாயிறுகள் எனக்கு நிறைய உண்டு.

அந்த வருஷம் எங்கள் பங்குக்குப் புதிதாக ஒரு சாமி வந்திருந்தார். இளவயது, ஒல்லி உடம்பு, அந்த உடம்புக்குப் பொருந்தாத பெரிய குரல், ஒரு பழைய மொபெட். அவருக்கு முன்பிருந்தவர்கள் கிறிஸ்துமஸ் காலத்தில் வீடு சந்திக்க வருவதென்றால் எந்தத் தெருவுக்கு என்றைக்கு என்று பூசையிலேயே சொல்லிவிடுவார்கள். அன்று காலை வீட்டைக் கழுவிவிட்டு அரை மணி நேரம் நல்லவர்களாக இருந்தால் போதும். இவர் முதல் ஞாயிறே அந்த வழக்கத்தை உடைத்தார்.

"இந்தத் தடவை எல்லா வீட்டுக்கும் வருவேன். எந்த நாள், எந்த நேரம், சொல்ல மாட்டேன். சொல்லிட்டு வந்தா வீட்டை மட்டும் ரெடி பண்ணுவீங்க. சொல்லாம வந்தா நீங்களே ரெடியா இருக்கணும்" என்றார்.

முன்வரிசைப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் மனதில் அடுப்படி ஓடியது முகத்திலேயே தெரிந்தது. நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசி பெஞ்சில் மகளை மடியில் வைத்துக்கொண்டு, நெற்றியில் பொட்டோடு உட்கார்ந்திருந்த என் மனைவிதான் அந்தப் பிரசங்கத்தை ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறாள். வீடு திரும்பும் வழியில் தொடங்கினாள்.

"நெஜமாவே சொல்லாமத்தான் வருவாராங்க?"

"வருவாரு. அதுக்காக ஜாஸ்தி அலட்டிக்காத."

"ஒரு சாமி நம்ம வீடு தேடி வர்றேன்றாரு. நீங்க அலட்டிக்காதன்றீங்க. உங்க ஆளுங்களுக்கே உங்க சாமி மேல மரியாதை இல்ல."

மறுநாளிலிருந்து என் வீடு என் கையை விட்டுப் போயிற்று. காலையில் அலுவலகம் கிளம்பும் முன் வாசல் கழுவிக் கோலம். கூடத்தில் இருந்த ஒரே நல்ல நாற்காலியில் புதுத் துண்டு விரித்து, அதில் யாரும் உட்காரக் கூடாது என்று உத்தரவு. அலமாரியில் முறுக்கு டப்பா, தொடத் தடை. இதெல்லாம் பரவாயில்லை. வாசற்படி ஓரத்தில் ஒரு பித்தளைச் செம்பில் தண்ணீர் நிரப்பி வைத்தாள், தினமும் மாற்றி மாற்றி.

"இது எதுக்கு?"

"சாமி வந்தா காலுக்குத் தண்ணி ஊத்த வேணாமா?"

"அவரு ஷூ போட்டுக்கினு மொபெட்ல வர்றவரு. அவரு கால்ல ஏன் தண்ணி ஊத்துற? ஜலதோஷம் புடிக்கும்."

"எங்க ஊர்ல சாமி வந்தா கால் கழுவுவோம். வேணாம்னா அவரே சொல்லட்டும்."

அடுத்தது மீன். சாத்தனூர் அணை மீன் கொண்டுவரும் சைக்கிள்காரர் ஞாயிறுதோறும் எங்கள் வாசலில் மணியடிப்பார். அந்த மணிச் சத்தத்துக்காகவே நான் ஒரு வாரம் முழுக்க வேலை பார்ப்பேன். அவரை இவள் தெருவிலேயே மடக்கி, இனிமேல் சொல்லி அனுப்பும்வரை இங்கே நிற்க வேண்டாம் என்று அனுப்பிவிட்டாள். சட்டி பானைகளைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தாள். இது ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் இல்லை, கறிமீனுக்குத் தடை கிடையாது, எங்கள் சாமியே மீன் சாப்பிடுவார் என்று நான் வேத சாஸ்திரமெல்லாம் எடுத்துச் சொன்னேன்.

"கார்த்திகை மாசம். சாமி வர்ற வீடு. கவுச்சி வாடையோட எப்பிடி நிக்கிறது?" என்றாள். கத்தரிக்காயும் முருங்கைக்காயும் மாறி மாறித் தின்றேன். திருவருகைக் காலத்தை எங்கள் வீட்டில் அந்த வருஷம் முழு மனதோடு அனுசரித்தவள் ஞானஸ்நானம் பெறாதவள்தான் என்பதைக் கத்தரிக்காய் மென்றபடி யோசித்துப் பார்த்தேன். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

எங்கள் எதிர் வீட்டில் பூக்கட்டும் அக்கா ஒருத்தி இருந்தாள். கோயில் வாசல் கடைகளுக்கு மாலை கட்டிக் கொடுப்பவள். நாள் முழுக்கத் தன் வாசலில் பூக்கூடையோடு உட்கார்ந்திருப்பாள், எங்கள் நான்கு வயது மகளும் பகலில் அவளிடம்தான் இருப்பாள். வீட்டுச் சாவியும் அவளிடம். தெருவில் காக்கா பறந்தால்கூட அக்காவுக்குத் தெரியும். நாங்கள் வேலைக்குப் போன நேரத்தில் மகள் அவளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்: "எங்க வீட்டுக்கு சாமி வராரு. எப்ப வருவாருன்னு யாருக்கும் தெரியாது."

தீபத் திருவிழா தொடங்கியிருந்த நாட்கள் அவை. காலையும் இரவும் வாகனங்கள் மாட வீதி சுற்றிக்கொண்டிருந்தன. எங்கள் தெரு மாட வீதிக்கு ரொம்பவே பின்னால் இருக்கிறது, அந்தப் பக்கம் எந்த உற்சவரும் தலைகாட்டியதில்லை. அது தெருவுக்கு நீண்ட நாள் மனக்குறை. அந்தச் சமயம் பார்த்து மாட வீதி ஒன்றில் குழாய் பதிக்கத் தோண்டியிருந்தார்கள். அக்கா இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டாள். வழி அடைபட்டதால் சாமி இந்த வருஷம் நம் தெரு வழியாக வருகிறார், எந்த நேரம் என்று இன்னும் முடிவாகவில்லை.

நான் மாலையில் வீடு திரும்பியபோது தெருவே எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு வீடு விடாமல் கோலம். வருஷக்கணக்கில் அடைத்துக் கிடந்த சாக்கடையை நான்கு பேர் சேர்ந்து குத்திக்கொண்டிருந்தார்கள். ஏணி மேல் ஒருவர் நின்று வேப்பங்கிளை வெட்டினார். கீழே நின்றவர் "இன்னும் கொஞ்சம் வெட்டுப்பா, குடை இடிக்கும்" என்றார். யார் குடை, எதில் இடிக்கும் என்று நான் கேட்டேன்.

"இன்னா சார் நீங்க. சாமி குடை. உங்க பாப்பாதான சொல்லிச்சி" என்றார் அவர்.

மனைவியும் நானும் அக்கா வாசலுக்குப் போய் நின்றோம். எங்களைத் தேடி வருவது வாகனத்தில் வரும் சாமி இல்லை, ஆள்தான், எங்கள் வீட்டுக்கு வந்து கும்பிட்டுவிட்டுப் போவார் என்று என் மனைவி பதமாகச் சொன்னாள். அக்கா பூத் தொடுப்பதை ஒரு நிமிஷம் நிறுத்தி யோசித்தாள்.

"ஓ, அந்தச் சாமியா. மொதல்லயே சொல்றதில்லியா. நான் கவனிச்சிக்கிறேன், நீங்க போங்க" என்றாள்.

எந்தச் சாமி என்று அவள் புரிந்துகொண்டாள் என்பதை நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. தெரு சுத்தமாகிவிட்ட சந்தோஷத்தில் யாரும் எங்களைத் திட்டவும் இல்லை. வேப்பங்கிளை வெட்டியவர் மட்டும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அன்றிலிருந்து அக்கா எங்களுக்குக் காவல். என் மனைவிக்கு இது பெரிய நிம்மதி, எனக்குப் பெரிய தலைவலி. மாலையில் சட்டையைக் கழற்றுவதற்குள் எதிர் வீட்டிலிருந்து குரல் வரும்: "யாரோ வராங்க." நாங்கள் முகம் துடைத்து, மகளுக்குத் தலைவாரி, கைகூப்பி நின்றால் எல்.ஐ.சி. ஏஜெண்ட் வருவார். இன்னொரு நாள் தண்ணீர் வரி கேட்க வந்தவர். ஒரு நாள் காவி கட்டிய ஒருவர் அகஸ்மாத்தாக வந்து நின்றார், அவருக்கு என் மனைவி செம்பை எடுத்தே விட்டாள். அவர் பயந்துபோய், காபி மட்டும் போதும் என்றார். முறுக்கு டப்பா அப்போதுதான் முதல்முறை திறந்தது. வருகிறவர்கள் யாராக இருந்தாலும் வீடு தயாராக இருந்ததால் எல்லாரும் சந்தோஷமாகப் போனார்கள். எங்கள் வீட்டுக்கு அந்த இரண்டு வாரத்தில் வந்த ஆட்கள் அதற்கு முன் இரண்டு வருஷத்தில் வந்ததில்லை. ஷூ போட்ட சாமி மட்டும் வரவில்லை.

தீபம் அந்த வருஷம் இரண்டாவது வாரத்தில் விழுந்தது. அன்று உள்ளூர் விடுமுறை. ஊருக்குள் பஸ் வராது, வெளியே நிறுத்திவிடுவார்கள், அங்கிருந்து ஜனங்கள் சாரிசாரியாக நடந்து வருவார்கள். மாலையில் மலையில் தீபம் ஏற்றியதும் வீட்டில் ஏற்ற என் மனைவி அகல்களுக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தாள். காலை பத்து மணி இருக்கும். வாசலில் விளையாடிய மகள் உள்ளே ஓடி வந்தாள்.

"அம்மா, சாமி வந்துட்டாரு."

என் மனைவி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நான் அவசரமாகச் சட்டையை மாட்டினேன். இரண்டு பேரும் முகத்தில் வரவேற்பைப் பூசிக்கொண்டு வாசலுக்கு வந்தோம்.

வாசலில் கறுப்பு வேட்டியோடு, கழுத்தில் துளசி மாலையோடு, நெற்றி நிறைய விபூதியோடு ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். செருப்பு இல்லை. கிரிவலம் முழுக்க நடந்து வந்த கால்களில் புழுதி முழங்கால்வரை ஏறியிருந்தது. கல்யாணத்துக்கு முன் ஒரே ஒரு தடவைதான் நான் அவரைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அடையாளம் தெரிய ஒரு நொடி ஆயிற்று. அதற்குள் என் மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் என்னைப் பார்த்துத்தான் முதலில் கைகூப்பினார். "சாமி சரணம்" என்றார்.

ஆறு வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. மாமா என்பதா, வேறு என்ன சொல்வதா என்று தடுமாறி, "வாங்க சாமி" என்றேன். எங்கள் இருவருக்கும் அந்தச் சொல் அந்த நேரத்தில் பெரிய உதவி. மாலை போட்டவர் எல்லாரையும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும், மருமகனையும்.

அவர் படி ஏறவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே மகளிடம் கேட்டார். "மாலை போட்டிருக்கேன்மா. வீட்ல கவுச்சி எதனா புழங்குதா?"

"இல்லப்பா. ரெண்டு வாரமா இல்ல. சட்டி பானை எல்லாம் புளி போட்டுத் தேய்ச்சி வச்சிருக்கேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கழுவிய வாசல், கோலம், உள்ளே துண்டு விரித்த நாற்காலி, படியோரம் செம்பு நிறையத் தண்ணீர். ஒவ்வொன்றாகப் பார்த்தார். என் மனைவி குனிந்து செம்பை எடுத்து அவர் கால்களில் ஊற்றினாள். புழுதி கரைந்து படியில் ஓடியது. அவள் கையால் தேய்த்துவிடப் போனபோது அவர் பின்வாங்கினார், பிறகு நின்றுகொடுத்தார். அவள் அழுதுகொண்டேதான் ஊற்றினாள். நான் இன்னொரு குடம் கொண்டுவந்து வைத்தேன், வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

"இந்தத் தெரு முனை வரைக்கும் முன்னாடியே ரெண்டு தடவை வந்துட்டுத் திரும்பிப் போயிருக்கேன்" என்றார், நாற்காலியில் உட்கார்ந்த பிறகு. யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார். "இன்னிக்கும் திரும்பித்தான் இருப்பேன். அந்தப் பூக்கட்டுற அம்மா கூப்ட்டுச்சி. வாங்க சாமி, உங்களுக்காகத்தான் ரெண்டு வாரமா வீட்டத் தொடச்சி வச்சிக்கினு காத்துக்கினு இருக்காங்க, போங்கனு சொல்லிச்சி. நான் வரேன்னு யார்கிட்டயும் சொல்லலியே. எப்பிடிம்மா தெரிஞ்சிது?"

எனக்கு அப்போதுதான் அக்கா சொன்ன 'அந்தச் சாமி' யார் என்று விளங்கியது. ஐயப்பசாமி யாரையோ பூஜைக்கு அழைத்திருக்கிறோம் என்று நினைத்திருக்கிறாள். தெரு முனையில் மாலையோடு ஒருவர் தயங்கி நின்றதும், இவர்தான் என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாக அனுப்பிவிட்டாள். இதில் ஒரு சின்னத் தவறு நடந்திருக்கிறது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அலுவலகத்தில் என் மேலதிகாரியிடம்கூட நான் அவ்வளவு வேகமாக வாயை மூடியதில்லை.

யோசித்துப் பார்த்தால் அக்கா சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. அவள் சொன்ன கணக்குத்தான் கம்மி. இரண்டு வாரம் இல்லை, ஆறு வருஷம்.

மகள்தான் காரியத்தைக் கெடுக்கப் பார்த்தாள். நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்று, "சாமி, உங்க வண்டி எங்க?" என்றாள்.

"வண்டி இல்ல கண்ணு. நடந்தே வந்தேன்."

"ஷூ?"

"அதுவும் இல்ல."

அவள் திருப்தியில்லாமல் என்னைப் பார்த்தாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அவர் இலை போட்டுச் சாப்பிட்டார். முறுக்கில் இரண்டு எடுத்துக்கொண்டார். சுவரிலிருந்த இயேசு படத்தையும் அதன் முன் எரிந்த விளக்கையும் கொஞ்ச நேரம் பார்த்தார். "சபரிமலைக்குப் போற வழியில பள்ளிவாசலுக்கே கும்புடு போட்டுட்டுத்தான் போகணும்ன்றாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அங்கேயும் ஒரு கும்பிடு போட்டார். மாலையில் எல்லாரும் தெருவில் நின்று தீபம் பார்த்தோம். மலை உச்சியில் வெளிச்சம் தெரிந்ததும் தெரு முழுக்க அரோகரா எழுந்தது. அவர் பேத்தியைத் தோளில் உட்காரவைத்திருந்தார்.

கிளம்பும்போது வாசலில் நின்று மகளிடம் சொன்னார். "நான் கன்னிச்சாமி, இதான் மொத மாலை. மாலை போட்டவன் மனசுல பகை வச்சிக்கக் கூடாதுனு குருசாமி சொன்னாரு. எனக்கு இருந்தது ஒரே பகை. அதான் வந்தேன்." பிறகு என்னிடம், "வரேன் சாமி" என்று சொல்லிவிட்டு, பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்தார்.

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அவளுக்கு நிறையவில்லை. அன்று திரி கருகிய அகல்களைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். "மாலை போட்டதால வந்தாரு. மாலையைக் கழட்டினா அந்தக் கோவத்த மறுபடி எடுத்து மாட்டிக்குவாரோ?" அப்படியெல்லாம் இருக்காது என்றேன். எனக்கும் நிச்சயமில்லை.

மூன்றாவது ஞாயிறு வந்தது. ரோஜா நிற மெழுகுவத்தி ஏற்றிய வாரம். பூசை முடிந்து வரும் வழியில் நான் என் வழக்கை எடுத்துவைத்தேன். சாமி வரும்வரை மீன் கிடையாது என்பதுதானே பேச்சு. சாமிதான் வந்துவிட்டாரே, இலை போட்டுச் சாப்பிட்டும் போய்விட்டார். அவள் சிரித்துவிட்டாள். மணியடிக்காமல் போய்க்கொண்டிருந்த சைக்கிள்காரரை நானே ஓடிப்போய் மறித்தேன். பகல் பன்னிரண்டுக்கு வீடு முழுக்க வறுவல் வாசனை. நான் பனியனும் லுங்கியுமாக அடுப்படி வாசலில் உட்கார்ந்து செதில் சுரண்டிக்கொண்டிருந்தேன். அப்போது வாசலில் மொபெட் வந்து நின்றது.

எதிர் வீட்டிலிருந்து ஒரு எச்சரிக்கையும் இல்லை. அக்காவைப் பொறுத்தவரை சாமி வந்தாயிற்று, காவல் முடிந்தது.

கோலம் இல்லை. செம்பு காலி. நாற்காலியில் என் சட்டை. சாமி எல்லாவற்றையும் ஒரு பார்வையில் பார்த்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். நான் செதில் ஒட்டிய கையோடு எழுந்து நின்றேன். மன்னிக்கணும் சாமி, இரண்டு வாரமாக எல்லாம் தயாராகத்தான் இருந்தது என்று உளறினேன்.

"வெரால் மீனா?" என்றார் சாமி.

"ஆமாங்க."

"பதினெட்டு வீடு ஏறி எறங்கிட்டேன். எல்லா வீட்லயும் முறுக்கு. பல்லு வலிக்குது. ஒரு வீட்ல கூட சோறு போடல." அவர் தரையிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்தார். நாங்கள் நால்வரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். சாப்பிடும்போது என் மனைவி நடந்ததெல்லாம் சொன்னாள், எதிர் வீட்டு அக்கா உட்பட. சாமி சிரித்த சிரிப்பில் புரை ஏறி, அக்காவே எதிர் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தாள். இவரும் சாமியா என்று அவள் கேட்டாள். ஆமாம் என்றோம். அவருக்கும் ஒரு முழம் பூ கொடுத்துவிட்டுப் போனாள். போகும்போது சாமி ஜெபம் சொல்லி வீட்டை மந்திரித்துவிட்டு, மீதமிருந்த இரண்டு துண்டு மீனையும் டப்பாவில் வாங்கிக்கொண்டார்.

கிறிஸ்துமஸ் வந்தது, போனது. வாசலில் தொங்கிய காகித நட்சத்திரத்தை இறக்கினேன். எல்லாம் முடிந்த பிறகும் என் மனைவி விடவில்லை. காலையில் வாசல் கழுவுவாள், படியோரம் செம்பில் தண்ணீர் மாற்றுவாள், நாற்காலியில் துண்டு விரிப்பாள். ஒரு நாள் கேட்டேன். "இன்னும் எதுக்கு இதெல்லாம்? திருவருகைக் காலம்தான் முடிஞ்சி போச்சே."

"உங்களுக்கு முடிஞ்சிருக்கும்" என்றாள்.

பொங்கல் கழிந்தது. சபரிமலை போனவர்கள் திரும்பி மாலை கழற்றிச் சவரம் செய்து பழைய மனிதர்களாகி, டீக்கடைச் சண்டைகளும் மறுபடி தொடங்கிவிட்டன. மைத்துனன் வரவில்லை, மூட்டையும் வரவில்லை. தெருமுனையைப் பார்ப்பதை மட்டும் அவள் நிறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

தை மாதம் ஒரு ஞாயிறு. நான் கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். மகள் வாசலிலிருந்து கத்தினாள்.

"அம்மா, சாமி வந்துட்டாரு."

என் மனைவி அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். நானும் வந்தேன். வாசலில் வெள்ளை வேட்டியும் கதர்ச் சட்டையுமாக அவர் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் மாலை இல்லை. தாடி எடுத்த முகம் இளைத்துத் தெரிந்தது. ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் கால்களைக் கட்டித் தலைகீழாகப் பிடித்த நாட்டுக்கோழி ஒன்று, இறக்கையை அடித்துக்கொண்டிருந்தது. எதிர் வீட்டு அக்கா பூவை விட்டுவிட்டு எழுந்து நின்று பார்த்தாள்.

அவர் குனிந்து பேத்தியைப் பார்த்தார். "நான் சாமி இல்ல கண்ணு. தாத்தா" என்றார்.

பிறகு செம்பைத் தானே எடுத்துக் காலில் ஊற்றிக்கொண்டு படியேறி வந்தார். என் எதிரில் நின்று கோழியை நீட்டினார்.

"புடிங்க மாப்ள. காலக் கெட்டியா புடிங்க, ஓடிடும்."

நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.